விஸ்வநத்தத்திலிருந்து ஆகாய மார்க்கம்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலிருந்து, தீப்பெட்டியும் பட்டாசுமே ஜீவனமாகிவிட்ட அந்தக் கரிசல் பூமியிலிருந்து, ஒருவர் பெட்டியும் கையுமாகக் கொழும்புக்கோ துபாய்க்கோ புறப்படுகிறார் என்றால், ஆகாயத்தில் கழியும் நேரத்தைக் காட்டிலும் அவருக்குக் கவலை தருவது, மதுரை விமான நிலையத்தின் வாயில் வரை கிடக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். அந்த எழுபதிலும் கடைசி ஒன்றிரண்டுதான். இது எப்படி நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், இந்தப் பிரதேசத்து ஜனங்கள் தூரதேசம் போய்வந்த மார்க்கங்களின் 150 ஆண்டுச் சரித்திரத்தையே புரட்ட வேண்டியிருக்கிறது.

1876இல் தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை போட்டபோது, அது விருதுபட்டியையும் (இன்றைய விருதுநகர்) சாத்தூரையும் தொட்டுச் சென்றதே ஒழிய, சிவகாசிப் பக்கம் திரும்பவில்லை. தென்பாண்டிச் சீமையின் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்தை அடைய வேண்டும் என்பதே அன்றைய வர்த்தகத்தின் பிரதான நோக்கமாக இருந்தது. ஆயினும் பஞ்சுக்காகப் போட்ட அந்தப் பாதையிலேயே மனிதர்களும் போனார்கள். சாத்தூர் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து தூத்துக்குடிக்கு ரயில், கரையில் நீர் ஆழமில்லாததால் தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குப் படகு, பிறகு கொழும்பு என்று, ஏழையானாலும் டிக்கெட்டுக்குப் பணம் உள்ளவன் எவனும் சமுத்திரம் கடக்கும்படி ஒரு தொடர்ச்சி அதில் இருந்தது. இந்தக் கொழும்பு மார்க்கத்தில்தான் 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து நின்றார்.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் திறக்கப்பட்டபின் இந்தத் தொடர்ச்சி பூரணமாயிற்று. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் ரயிலுக்கும் கப்பலுக்கும் அக்கரையில் காத்திருந்த ரயிலுக்கும் செல்லுபடியாயிற்று. போட் மெயில் என்று ஜனங்கள் அழைத்த அந்த வண்டியின் பிரயாணிகள், மூட்டை முடிச்சுகளோடு தனுஷ்கோடித் துறை மேடையில் இறங்கி, எதிரே நின்ற கப்பலில் ஏறினார்கள். பிரயாணியை நடுவழியில் விட்டுவிடலாகாது என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டின் ஆதாரமாக இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியதோடு அந்த ஏற்பாடும் போயிற்று.

இதற்கிடையே தீப்பெட்டித் தொழிலால் சிவகாசி வேறு ஊராக மாறியிருந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது அவர்கள் ஊரில் ரயில் நிலையம் இல்லை. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927இல்தான் வந்தது. சாலைகளில், 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் பேருந்துகள், நேரம் தவறாமைக்குப் பேர் பெற்றுத் தென் ஜில்லாக்களில் ஓடின. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டு அவ்வழிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆக, ரயிலும் பேருந்தும் ஜனங்கள் கூடும் சந்தையையும் ஆலையையும் தேடி வந்தவை.

விமானம் அப்படி வரவில்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவர, அவருடைய சகாவான நெவில் வின்சென்ட் அதைச் சென்னை வரை கொண்டு சேர்த்தார். சில ஆண்டுகளில் திருச்சி வழியாகக் கொழும்புக்கும் அந்தச் சேவை நீண்டது. முதலில் பறந்தது கடிதமே. பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாடெங்கும் ஓடுதளங்கள் அமைந்தன. மதுரைக்குத் தெற்கே இருந்த தளத்தை 1942இல் பிரிட்டிஷ் விமானப்படை உபயோகித்தது. ராணுவத்துக்கு வேண்டியது சமதரையும் ஜனசஞ்சாரமற்ற வெளியும்தான். லாரியிலும் ஜீப்பிலும் வந்து போகிறவர்களுக்குப் பேருந்து நிறுத்தம் எதற்கு? யுத்தம் முடிந்து பயணிகள் விமானம் வந்த பின்னும், அதில் ஏறியவர்கள் மில் முதலாளிகளும் அதிகாரிகளும் டாக்டர்களுமாகவே இருந்தபடியால், காரில் வருவோருக்கென்று ஏற்பட்ட வழக்கமே பல தசாப்தங்கள் நிலைத்துவிட்டது.

2010இல் மதுரையில் புதிய முனையம் திறந்தது. 2012இல் கொழும்புக்கு விமானம் பறந்தது. துபாய் மார்க்கமும் தொடர்ந்தது. இப்போது வரிசையில் நிற்பவர்களில் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் டிரைவரும் உண்டு. வழியனுப்ப வந்த குடும்பமும் உண்டு. இவர்களுக்கு ஒத்தாசை செய்தது திட்டமன்று, தற்செயல். தென்மாவட்டப் பேருந்துகள் முன்பு மதுரையில் பழங்காநத்தத்தில் நின்றன. 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வந்தபின், அவற்றுள் பல கப்பலூரில் திரும்பிச் சுற்றுச்சாலையைப் பிடித்தன. அந்தச் சாலை விமான நிலையத்தை ஒட்டிப் போயிற்று. "மண்டேலா நகர், ஏர்போர்ட்டெல்லாம் எறங்கு" என்று நடத்துநர் குரல் கொடுக்க, சக்கரம் வைத்த பெட்டியைப் படிக்கட்டில் இடிபட இறக்கி, வெயிலில் நின்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதிலிருந்து அயல்நாட்டுப் பிரயாணம் ஆரம்பமாகிறது. சுற்றுச்சாலைப் பேருந்து வாய்க்காவிட்டால் நகருக்குள் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போய், வில்லாபுரம், அவனியாபுரம் வழியாக நகரப் பேருந்தில் திரும்பி வர வேண்டும். 1992இல் திறக்கப்பட்டு, 2025இல் புதிய முனையம் பெற்ற தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையமோ திருநெல்வேலி–தூத்துக்குடி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஆனால் சிவகாசிக்காரர் பேருந்து மாறித்தான் அதை அடைய முடியும்.

இந்த வட்டாரத்தின் சரக்குக்கும் விமானத்துக்கும் உறவே இல்லை என்பதும் இந்தக் குறை நீடிப்பதற்கு ஒரு காரணம். பட்டாசை விடுங்கள், ஒரு தீப்பெட்டியைக்கூடப் பையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாது. பஞ்சு ரயிலைக் கொண்டுவந்தது; பட்டாசு லாரியைக் கொண்டுவந்தது; விமானத்தை நாடுகிறவர்கள் மனிதர்கள் மட்டுமே. சரக்குக்காக வழி கேட்க வியாபாரிகள் சங்கம் இருக்கும். தனித்தனியாகப் புறப்படும் பிரயாணிக்காகக் கேட்பவர் எவர்? முனையங்களைப் பெரிதாக்க நூற்றுக்கணக்கான கோடிகளைச் செலவிடும் சர்க்கார், விமானங்களின் நேரத்தை அனுசரித்துச் சிவகாசி, ராஜபாளையம் பேருந்துகளில் சிலவற்றையாவது முனைய வாசல் வரை திருப்பிவிடுமானால், 1914இல் தனுஷ்கோடியில் சாத்தியமாயிருந்த ஸௌகரியம் இந்த நூற்றாண்டிலும் சாத்தியமாகும். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை, பழைய கால அட்டவணைக்காரரின் பொறுப்புணர்ச்சி போதும்.