சலூனில் தொடங்கின மல்லிகை

அனுப்பின கட்டுரைக்கு ஆசிரியரிட்டயிருந்து பதிலே வராட்டி எங்களுக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. டொமினிக் ஜீவாவுக்குக் கிடைச்ச நிராகரிப்பு வேற மாதிரியானது. எழுத்தைப் பார்க்க முதல் ஆளின்ர சாதியைப் பார்த்த ஊர் இது. பள்ளிக்கூடத்திலயே சாதி சொல்லி அவமதிக்கப்பட்டு, படிப்பை இடையில் விட்டு, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனில் முடிவெட்டினவர்.

அவரும் கே. டானியலும் ஒடுக்கப்பட்ட சனத்தின் வாழ்க்கையை அவையின்ர பேச்சிலேயே எழுதினபோது, பண்டிதர் தரப்பு அதுக்கு வைச்ச பேர் 'இழிசனர் இலக்கியம்'. 1960இல் வந்த 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைச்சது. அதுக்குப் பிறகும் ஏளனம் நிக்கேல்ல.

ஜீவா யாரிட்டயும் போய் இடம் கேட்டு நிக்கேல்ல. 1966 ஆகஸ்டில், அதே சலூனிலிருந்து 'மல்லிகை'யைத் தொடங்கினார். எழுத்தாளர்களைத் தேடிப் போனார், அச்சுக்கூடத்துக்கு அலைஞ்சார், இதழைக் கையில கொண்டு திரிஞ்சு தானே வித்தார். அட்டையில் சினிமா நடிகைகள் இல்லை, ஈழத்து எழுத்தாளர், கலைஞர்களின் முகங்கள்! புதுசா எழுதின எத்தனையோ பேருக்கு முதல் பக்கம் அங்கதான் கிடைச்சது. போர், இடப்பெயர்வு, கொழும்பு வாழ்க்கை எல்லாத்துக்கும் நடுவில் 400 இதழ்களைத் தாண்டினது மல்லிகை.

பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தது. வேண்டாம் எண்டிட்டார்.