நீரோரத்து எல்லைக்கோடு

வயலுக்கு வரப்பு உண்டு. மனைக்கு வேலி உண்டு. நீர் ஏறியும் இறங்கியும் வரும் கரைக்கு எல்லை எது? இவ்வினாவிற்கு நம் நாட்டுச் சட்டம் விடை தேடிய வரலாறும், அவ்விடை காலந்தாழ்ந்து செயற்பட்டபோது நேர்ந்த இழப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். உயர் ஓதம் எட்டும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை கட்டடங்களின்றிக் காக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. ஓதம் ஏறும் ஆறுகள், கழிமுகங்கள், காயல்கள் ஆகியவற்றின் கரைகளும் அதனுள் அடங்கின.

ஏற்கெனவே நகரமாய் வளர்ந்துவிட்ட கரைப்பகுதி இரண்டாம் வகை எனப்பட்டது. அங்கே, இருக்கும் சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்டலாம். ஊர்ப்புறக் கரை மூன்றாம் வகை. அங்கே கடலிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. ஆகவே மனை எந்த வகையில் அடங்குகிறது என்பதே அதன் விலையை முடிவு செய்யலாயிற்று. வழக்குகள் முளைத்ததும் அங்கேதான். 1994இல் ஆற்றோரக் கட்டுப்பாட்டை 50 மீட்டராகக் குறைத்த திருத்தத்தை உச்சநீதிமன்றம் 1996இல் நீக்கியது.

கொச்சியை அடுத்த மரடு, வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள ஊர். 1996ஆம் ஆண்டின் கேரளக் கடலோர மேலாண்மைத் திட்டம் அதனை மூன்றாம் வகையில் சேர்த்திருந்தது. ஆயினும் 2006இல் அவ்வூராட்சி, கடலோர மண்டல ஆணையத்தின் இசைவைப் பெறாமலே அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கியது. 2007இல் அனுமதியை ஏன் நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்கப்பட்டது. கட்டுமான நிறுவனங்கள் உயர்நீதிமன்றத்தை நாடின. அங்கே தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. வழக்கு நடக்கும்போதே மாடிகள் எழும்பின, வீடுகள் விலைபோயின, குடும்பங்கள் குடியேறின. 2010இல் மரடு நகராட்சியாயிற்று.

2019 மே 8 அன்று உச்சநீதிமன்றம் அக்கட்டடங்களை அகற்ற ஆணையிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏற்கப்பட்ட புதிய திட்டப்படி மரடு இரண்டாம் வகைக்கு மாறிவிட்டது என்று வாதிடப்பட்டது. அனுமதி வழங்கிய நாளில் எக்கோடு இருந்ததோ அதுவே செல்லும் என்று நீதிமன்றம் கொண்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாழ்நாள் சேமிப்பை இட்டு வாங்கியோரும் வெளியேறினர். இடைக்கால இழப்பீடாக வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபாய் கொடுக்குமாறு அரசு பணிக்கப்பட்டது.

இத்தீர்ப்பைக் கடுமையானது என்போரும் உளர். ஆனால், கட்டிமுடித்தபின் கோட்டை நகர்த்தலாம் என்றால், கோட்டை மதித்துக் கட்டாதிருந்தவனுக்கு நாம் என்ன விடை சொல்வோம்? 1991ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, 200 மீட்டருக்குள் வாழும் மீனவர் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம்; மணமான மகனுக்குப் பக்கத்தில் புதுவீடு எழுப்ப இயலாது. அவருக்கு அன்றே வளையாத கோடு, பன்மாடிக் கட்டடத்திற்கு முன்னால் பதின்மூன்று ஆண்டுகள் வளைந்து நின்றது. அநீதி 2020இல் விழுந்த கட்டடத்தில் தொடங்கவில்லை. 2006இல் இடப்பட்ட கையொப்பத்தில் தொடங்கிற்று. இடித்த செலவும் இழந்த வீடும் அதன் பின்விளைவுகளே.

கோடு நிலையாக நிற்பதுமில்லை. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை, சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. இதனால் மீனவர் மகனுக்கு வீடு கிடைக்கலாம். கரையை விலைபேசுவோர்க்கும் வழி திறக்கலாம். எது நேரும் என்பது வரைபடத்தை யார் காண்கின்றனர் என்பதைப் பொறுத்தது. வரைவுத் திட்டங்கள் மக்கள் கருத்துக்காக வைக்கப்படும்போது, கரையில் வாழ்வோர் சென்று தம் வீடு எந்தக் கோட்டுக்குள் வருகிறதென்று விரல்வைத்துக் காட்டச் சொல்லவேண்டும். மனை வாங்குவோரும் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதே வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்பது கடமை.