மலையெல்லையில் கறுப்பு வெள்ளைப் படங்கள்

நம் மூத்தோர் ஒலவக்கோடு என்றே சொல்லிப் பழகிய பாலக்காடு ஜங்ஷனில் பணிபுரிவோர்க்குச் சம்பளத்தில் சேராத செல்வம் ஒன்று உண்டு. மழை விட்ட காலை நேரத்தில் மேடையில் நின்று தெற்கே நோக்கினால் நெல்லியாம்பதி மலை நீலமாய்த் தெரியும். இக்கணவாய் வழியாகத்தான் 1862-இல் சென்னை இருப்புப்பாதை மேலைக் கடற்கரையோடு இணைந்தது. நம் காலனிப் பிள்ளைகள் அம்மலையைச் செல்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பின்பு வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி நம்மிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். “இறைவன் தந்த நிறத்தை ஏனடா அழிக்கிறாய்?” என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். பையன் விடை சொல்லத் தெரியாமல் நம்மைப் பார்த்தான். அவ்விடையைத் தேடிப் புறப்பட்டதே இக்கட்டுரை.

தமிழகத்தின் மலைகளும் கோயில்களும் முதன்முதலில் விரிவாகப் படத்தில் பதிந்தது 1857, 58 ஆம் ஆண்டுகளில். சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் காப்டன் அரசாங்கப் படக்காரராக நியமிக்கப்பெற்று மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களுக்குச் சென்றார். மெழுகு ஊட்டிய தாளே அவருடைய நெகடிவ். மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையை அவர் எடுத்த படம் இன்றும் உள்ளது. இது வீண் ஆடம்பரம் என்று கருதிய அரசாங்கம் 1860-இல் அவ்வேலையை மூடிவிட்டது. செலவைக் குறைக்கும் கை எக்காலத்திலும் முதலில் எங்கே விழும் என்பது எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததன்று!

அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவே இருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். வெள்ளி உப்புப் பூசிய தாள் நீல ஒளியை விரைந்து பற்றும். பச்சையையும் சிவப்பையும் எளிதில் பற்றாது. ஆகவே மரம் கறுக்கும், வானம் வெளுக்கும், மேகம் மறைந்துவிடும். அன்று கறுப்பு வெள்ளை என்பது ஒருவர் விரும்பித் தேர்ந்த அழகன்று, வேறு வழியில்லாமையே.

நிற்க. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து மூணாறு வந்துவிடும். அங்கே ஒரு ரயில் ஓடியது என்றால் நம் இளைஞர்களிற் பலர் நம்புவதில்லை. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. பாரத்தைத் தண்டவாளம் தாங்கும். பக்கத்திலே ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். மாடுகள் இழுத்துச் செல்லும். 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலப் பாதை அமைத்து நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர். மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலையேறிய நம் மக்களே அத்தோட்டங்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாளிகள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் சொல்வர். மலை சரிந்தது, பாதை போயிற்று, மறுபடி அதைப் போடவில்லை. இன்று மூணாற்றை அடுத்த நல்லதண்ணித் தோட்டத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் அக்காலத்துப் படங்கள் தொங்குகின்றன. பாதை இல்லை, பாலம் இல்லை. அவை இருந்தமைக்குச் சாட்சி சொல்லத் தாளில் கறுப்பும் வெள்ளையும் உண்டு. ரயில்வேக்காரர் அனைவரும் குடும்பத்தோடு சென்று காணத்தக்க இடம் அது.

இனி, வேறு வழி இருந்தும் கறுப்பு வெள்ளையை விரும்பித் தேர்ந்த ஒருவரைச் சொல்லவேண்டும். அவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912-இல் பிறந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1968-இல் நேரு ஆய்வு உதவி பெற்றுத் தென்னாட்டுக் காடுகளின் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பல பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கனத்த காமிராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். படத்தை இருட்டறையில் கழுவி அச்சிடுவதும் தாமே.

பெரியாற்று ஏரியை நினைத்துப் பாருங்கள். 1895-இல் அணை கட்டியபோது நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன. கரையிலே யானைக் கூட்டம். வண்ணப்படத்தில் பச்சையும் நீலமும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பு வெள்ளையிலோ யானையின் தோல் சுருக்கமும், தந்தத்தின் வளைவும், கட்டையின் வெடிப்பும் தனித்தனியே தெரியும். கிருஷ்ணனின் படங்களில் நாம் கண்ட உயர்வு இதுவே. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2006-இல், அப்படங்கள் ஆங்கில நூலாக வெளிவந்தன. நெகடிவ் இருந்தது, ஆகவே நூல் வந்தது.

டிஜிட்டல் காமிரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வாங்கிக்கொள்கிறது. பிறகு எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது நம் கையில். நீலத்தைக் குறைத்தால் வானம் கறுத்து மேகம் எழும்; தொலைமலையின் மூட்டமும் சற்று விலகும். பிலிம் காலத்தில் இதற்கே மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகளை லென்ஸின் முன் மாட்டினார்கள். ஆனால் வயலும் பனையும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துவிடக்கூடும். அதனால் காலை பத்து மணிக்கு முன்பே, வெயில் சாய்ந்திருக்கையில் எடுப்பது நல்லது என்பது நம் அனுபவம்.

அனுபவம் என்றதும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008-இல் மூடப்பட்டது. அதன் கடைசி மாதங்களில், போனஸ் பணத்தில் வாங்கிய சிறு டிஜிட்டல் காமிராவோடு கொல்லங்கோடு, முதலமடை என்று ஓய்வு நாள்தோறும் சுற்றினோம். முதலமடை நிலையத்து ஆலமரங்கள், அவற்றின் கீழே வந்து நிற்கும் வண்டி, பின்னே மலை என்று முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். அனைத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். 2013-இல் ஹார்ட் டிஸ்க் கெட்டது. பழுது பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டில் ஒரு வாரம் நாம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1924-இன் வெள்ளத்துக்குத் தப்பிய படங்கள் மூணாற்றில் இருக்க, ஐந்தாண்டுப் படங்கள் நம் மேசைமேல் மாண்டன!

2015-இல் அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. பழைய பாதையின் தோற்றத்தைச் சொல்ல நம் கையில் ஒன்றும் இல்லை. காலனியில் சில வீடுகளில் அக்காலப் படங்கள் இருக்கலாம். இருந்தால் தாளில் அச்சிட்டு, பின்புறம் இடமும் ஆண்டும் படத்திலிருப்போர் பெயரும் எழுதி, சங்க நூலகத்துக்கு ஒரு படி தந்தருளுமாறு வேண்டுகிறோம். அச்சுக்கூலியை நாம் ஏற்போம்.

நாம் எடுத்தவற்றுள் ஒன்றே ஒன்று பிழைத்தது. லெவல் கிராஸிங் ஒன்றில் வேலை பார்த்த கேட்கீப்பர் அண்ணாச்சி, “தம்பி, நம்ம வீட்டம்மாவோட ஒண்ணு எடுத்துக் குடும்” என்று கேட்டதால் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தோம். ஓய்வு பெற்று அம்பாசமுத்திரம் பக்கம் போனபோது அதையும் எடுத்துச் சென்றார். சென்ற பொங்கலுக்கு அங்கே போய்ப் பார்த்தோம். கையில் பச்சைக்கொடியோடு அவர், அருகே அவர் மனைவி, பின்னால் மீட்டர் கேஜ் தண்டவாளம், அதற்கும் பின்னால் நெல்லியாம்பதி. ஆச்சி காலமாகி மூன்றாண்டு ஆயிற்றாம். படத்துக்குப் பூச்சரம் சாத்தியிருந்தது.