யாழ்ப்பாணப் பேக்கரிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாண், பணிஸ், கேக், றோல்ஸ் முதலியவற்றைச் செய்து விற்கும் கடைகள். வெதுப்பகம் என்றும் வழங்கும்.

யாழ்ப்பாணத்துப் பலகாரங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் செய்யப்பட்டவை. பயற்றம் பணியாரம், அரியதரம், சிப்பி, பனங்காய்ப் பணியாரம் எல்லாம் எண்ணெய்ச் சட்டியில் பொரிபடுபவை. கைப்பக்குவமுள்ள பெண்கள் இருக்கும் வீட்டுக்கு இவற்றைக் கடையில் வாங்கத் தேவை இருக்கவில்லை. வீடுகளில் இல்லாதது போறணை ஒன்றுதான். பேக்கரி வேரூன்றியது அந்த இடத்தில்தான்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்தே பாண், போறணை என்ற சொற்கள் வந்தன. ஆனால் பாண் ஊர்ச்சனத்தின் அன்றாட உணவானது மிகப் பிந்தித்தான். 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு அரிசி வரத்து நின்றது. பங்கீட்டில் கோதுமை மா கொடுத்தார்கள். கோதுமை விளையாத மண்ணில் அது இரண்டு வழியாகப் பரவியது. ஒன்று வீட்டு வழி: ‘அமெரிக்கன் மா’வை அவித்து, அரித்து, பிட்டும் இடியப்பமும் ஆக்கினார்கள். மற்றது பேக்கரி வழி.

பழைய போறணை செங்கல்லால் கட்டி, கூரை குவித்த அறை. விறகை உள்ளேயே எரித்துக் கல் நன்றாகச் சூடேறியபின் தணலை வழித்தெடுப்பார்கள். நீண்ட மரத்துடுப்பால் பாண் அச்சுகளை உள்ளே தள்ளி வாயை மூடிவிட்டால், கல்லில் தேங்கிய வெக்கையே மிச்ச வேலையைப் பார்க்கும். இராத்திரி குழைத்துப் புளிக்க வைத்த மா விடியலில் பாணாகிவிடும். அச்சுப் பாண் றாத்தல் கணக்கில் விற்கும். மேலும் கீழும் மொறுமொறுத்த றோஸ் பாணுக்கு இடிச்ச சம்பலைப்போல வேறு துணை இல்லை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

உள்நாட்டுப் போருக்கு முன் குடாநாட்டுப் பேக்கரிகள் பலவற்றைத் தெற்கிலிருந்து வந்த சிங்களவர்கள் நடத்தினார்கள். முதலை வடிவில் சீனி தூவி வரும் கிம்புலா பணிஸ் இன்றும் சிங்களப் பெயரோடேயே விற்கிறது. இனவன்செயல்களும் போரும் அவர்களை வெளியேற்றின. தொழில் பெரும்பாலும் தமிழர் கைக்கு வந்தது. ஊரின் பேக்கரி வரலாற்றில் அந்த மனிதர்களின் பங்கு போதிய அளவு எழுதப்படாதது பெருங்குறை.

சாதியும் இங்கே பேசப்பட வேண்டியது. ஒடுக்கப்பட்டோரைத் தேநீர்க்கடைகளுக்குள் இருத்தாமல், போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் கொடுத்த ஊர் இது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்த பின்னரே கதவுகள் திறந்தன. ஒரே மேசையில் இருந்து தேநீரும் பணிசும் சாப்பிடும் உரிமை போராடிப் பெற்றது.

தட்டுப்பாடு இந்தக் கடைகளை விட்டகலவில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தீவு முழுவதும் சனம் விடியுமுன் பாணுக்கு வரிசை நின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் ஊர் வாழ்ந்த அந்த ஆண்டுகளில் விறகுப் போறணைக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. மாவும் சீனியும்தான் கிடைக்கவில்லை. ‘வெதுப்பகம்’ என்ற பெயர்ப்பலகைகள் பெருகியதும் அப்போதுதான். 1995 ஒக்ரோபர் 30இல் தொடங்கிய வலிகாமப் பெரும் இடப்பெயர்வில் அப்பகுதிப் போறணைகள் எல்லாம் அணைந்தன. 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது மாவுக்குக் கப்பலைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் சேர்ந்தே தட்டுப்பட்டன.

பேக்கரித் தட்டில் அதிகம் பயணம் செய்தது மட்டன் றோல்ஸ். மெல்லிய மாத்தோசைக்குள் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பிரட்டிய கறியை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, காய்ந்த பாணை இடித்த தூளில் புரட்டிப் பொரிப்பது. விற்காத பாணும் இதில் வீண்போகாது. 1983 இனவன்செயல்களுக்குப் பின் புலம்பெயர்ந்தவர்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோ, பாரிசின் லா சப்பல், லண்டனின் ஈஸ்ட் ஹாம் தெருக்களில் றோல்ஸ் கடைகளைத் திறந்தார்கள். ஸ்காபரோவில் தமிழர் கலியாண வீடு, பிறந்தநாள் எதுவானாலும் றோல்சுக்குத் தட்டுக்கணக்கில் ஓடர் போகிறது.