கோயில் நிலத்தில் ஒரு துண்டு

நம் பங்குகளில் 'தோட்டம்' என்றாலே முதலில் நினைவில் எழுவது கல்லறைத் தோட்டந்தான். இச்சொல் வழக்குக்கு ஆழ்ந்த பொருளுண்டு. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்றும், அதிலிருந்த புதிய கல்லறையில் அவரை அடக்கம் செய்தனர் என்றும் யோவான் எழுதுகிறார். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று மகதலா மரியா எண்ணியதும் அங்கேதான். இறந்தோர்க்குத் தோட்டம் ஒதுக்கிய நாம், உயிரோடிருப்போர்க்கு ஒதுக்கியவை பெரும்பாலும் பீடத்துக்குப் பூத்தரும் நாலைந்து செடிகளே.

ஏழைக் குடும்பங்களுக்குத் தோட்டம் என்னும் எண்ணம் பிரெஞ்சு நாட்டில் ஓர் இயக்கமாயிற்று. செடான் நகரில் பெலிசி எர்வியூ என்னும் பெண்மணி அதற்கு வழிகாட்டினார். சாந்த்-எத்தியேன் என்னும் நிலக்கரி நகரில் வோல்பெத் என்ற இயேசு சபைக் குரு, 1890-களின் நடுவில், வறுமையுற்ற தொழிலாளர்க்கு நிலம் பெற்றுத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். அதே ஆண்டுகளில் நம் நெல்லைச் சீமையில் மறைப்பணி ஆற்றியவர்களும் பிரெஞ்சு இயேசு சபையினரே என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம்.

இவ்வெண்ணத்தை நாடெங்கும் கொண்டுசென்றவர் லெமீர் அடிகளார். குருவாயிருந்துகொண்டே 1893-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்; அவ்வாண்டு டிசம்பரில் அவையில் வீசப்பட்ட வெடிகுண்டால் காயமுற்றார். 1896-இல் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், ஒரு வீடு என்னும் குறிக்கோளுடன் ஒரு கழகத்தை நிறுவினார். அரசியலில் இருந்ததன் பொருட்டு 1914-இல் அவருடைய குருத்துவப் பணிக்குத் தடை விதிக்கப்பட்டது. 1916-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அதனை நீக்கினார்.

லெமீருக்குப் பின்புலமாய் நின்றது 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல். தமக்கு உரிமையான மண்ணில் மனிதர் மேலும் ஊக்கத்துடன் உழைப்பர் என்று அம்மடல் கூறுகிறது. காய்கறியை விளைவித்துப் பைகளில் கட்டி ஏழைகளுக்கு வழங்குவது அறச்செயல்; ஒரு துண்டை ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்து, என்ன விதைப்பது என்பதை அக்குடும்பமே முடிவு செய்ய விடுவது வேறு. லெமீர் நாடியது பின்னதையே. தோட்டம் கொடுத்துவிட்டால் கூலியை உயர்த்த வேண்டியதில்லை என எண்ணிய முதலாளிகளும் இருந்திருப்பார்கள். அக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

இனி நம் முக்கூடலுக்கு வருவோம். பள்ளுப் பாடிய முக்கூடல் சீவலப்பேரியை அடுத்தது. நாம் சொல்லும் ஊர் ஆற்றின் மேற்பகுதியில், பீடி சுற்றும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. எனினும் அந்தப் பள்ளு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. நெல்லின் வகைகளையெல்லாம் பெயர் சொல்லி அறிந்த உழவன் அதிலே இருக்கிறான். அவன் உழுவதோ பண்ணையாரின் நிலத்தை. பொருநைக் கரையில் காரும் பிசானமும் மாறி மாறி விளைந்த வயல்களில் உழைத்தோர் பலருக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமாயிருந்ததில்லை.

ஆகவே இத்தகைய ஊரில் கோயில் வளாகத்தில் தோட்டம் தொடங்க எண்ணும் பங்குப் பேரவை முதலில் பேச வேண்டியது எந்தச் செடி என்பதையன்று, யாருக்கு என்பதையே. ஆறு அருகில் ஓடினும் வளாகத்துக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோதான் வர வேண்டும். கோடையில் அதற்கு முறை வைத்தாக வேண்டும். முறை எழுதாத இடத்தில் வலியவர் செடியே செழிக்கும். நாளெல்லாம் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு விடியற்காலையோ அந்தியோதான் ஓய்வு. அந்நேரத்தில் கோயில் வாயில் பூட்டியிருந்தால் அவர் பெயரில் துண்டு இருந்தும் பயனில்லை. வோல்பெத்தின் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தடை இருந்தது. ஓய்வே ஞாயிறன்று மட்டும் கிடைக்கும் குடும்பங்களைக் கேட்காமல் அவ்விதியை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்குச் சரியாகாது.

கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை ஆகியவற்றை நட நம்மவர்க்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆடிப்பட்டம் தப்பாமலிருக்க வேண்டுமாயின் ஆனி முடியுமுன் நிலத்தை அளந்தாக வேண்டும்; குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அதற்கும் முன்பே, அன்பியக் கூட்டங்களில் எல்லாரும் கேட்க வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.