பூட்டைத் திறக்க ஓர் ஆள்

மரப்பலகை போலத் தாள் ஒட்டிய சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே ஒல்லியாக மூன்று கையேடுகள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தபோது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவ்வளவுதான். விலை 10 டாலர். முதலில் அச்சானது 1,000 பெட்டி. கேரி ஜைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஆக்கியது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். நடுவராக இருப்பவர் பாதாள அறைகளையும் பூதங்களையும் சொல்லிக்கொண்டு போக, பகடை உருளும்.

மூன்றாம் கையேட்டின் கடைசியில் ஆசிரியர்கள் வாசகரிடம் சொன்னது, மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்பதுதான். மேலும் எழுதித் தள்ளும் எண்ணம் அவர்களுக்கு அப்போது பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற முதல் துணைநூல் வந்தது. பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகிய துணைநூல்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது. அது பிறந்ததற்கு ஆடுகிறவர்களின் கேள்விகளும் ஒரு முக்கியக் காரணம்.

பெட்டியில் இருந்த பாத்திர வகை மூன்று: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. அந்தப் பூசாரியே ஒரு மேசையின் தேவையில் பிறந்தவர்தான். மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களில் ஆர்னெசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் இரத்தக்காட்டேரியாக ஆடினார். சர் ஃபேங் என்று பெயர். நாளாக ஆக அவரை யாராலும் அடக்க முடியவில்லை. அவருக்கு எதிராக நிறுத்தத்தான் பேயோட்டும் பூசாரியைக் கொண்டுவந்தார்கள்.

திருடன் வந்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஏரோ ஹாபிஸ் என்றொரு விளையாட்டுப் பொருள் கடை. அங்கே ஆடிய கூட்டத்துக்கு ஒரு சங்கடம். பாதாள அறைக்குள் போனால் பூட்டிய பெட்டி இருக்கும், பொறி இருக்கும். வாள் வீசுகிறவன் கதவை இடித்துத் தள்ளுவான், மந்திரவாதி கைவசம் மந்திரம் இருந்தால் திறப்பான். சத்தமில்லாமல் பூட்டைத் திறக்க ஓர் ஆள் இல்லை. அதற்கென்று ஒரு பாத்திரத்தை அவர்களே உண்டாக்கி ஆடினார்கள். 1974இல் அந்தக் கடையின் கேரி ஸ்விட்சர் தொலைபேசியில் ஜைகாக்ஸிடம் இதைச் சொன்னார். ஜைகாக்ஸ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு தன் பாணியில் விதி எழுதினார். ராபர்ட் குன்ட்ஸோடு சேர்ந்து எழுதிய ‘கிரேஹாக்’ 1975இல் வந்தபோது திருடனும் அதில் இருந்தான். முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்க 100க்கு 15தான் வாய்ப்பு. கைவிரல் நடுங்கும் புதுத் திருடனை அந்த ஒரு எண்ணில் பார்த்துவிடலாம்.

இன்னொரு குறையும் அந்த நூலில் தீர்ந்தது. முதல் பெட்டியின்படி குத்துவாளால் குத்தினாலும் நெடுவாளால் வெட்டினாலும் காயத்துக்கு ஒரே ஆறுமுகப் பகடைதான். ‘கிரேஹாக்’ குத்துவாளுக்கு நாலுமுகப் பகடையும் வாளுக்கு எட்டுமுகப் பகடையும் கொடுத்தது. ஆயுதத்தின் எடை கையில் தெரிந்தது அப்போதுதான்.

அதன்பின் ‘பிளாக்மூர்’, ‘எல்ட்ரிட்ச் விசார்ட்ரி’ என்று வரிசையாக வந்தன. 1976இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் ஜட்ஜஸ் கில்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு முழு நகரத்தையே தெருத்தெருவாகப் பெரிய வரைபடமாக்கி விற்றார்கள். பகலில் வேலை, இரவில் ஆட்டம் என்றிருந்த நடுவர்களுக்குத் தெரு வரைய நேரம் ஏது?

கேட்பதோடு நிற்காமல், ஆடுகிறவர்கள் தாங்களே எழுதிக் கொடுக்கவும் செய்தார்கள். இங்கிலாந்தின் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழில் வாசகர்கள் தாம் படைத்த பூதங்களை அனுப்ப ஒரு தனிப்பகுதி இருந்தது. டான் டர்ன்புல் அதன் பொறுப்பாளர். அங்கே சேர்ந்தவை பல 1981இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற புத்தகமாயின. அதன் அட்டையில் நிற்கும் வீரனின் இனமான கித்யாங்கியைப் படைத்தவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் என்ற பதின்ம வயதுப் பையன். பின்னாளில் பேர் பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரானார். கித்யாங்கி இன்றும் ஆட்டத்தில் இருக்கிறது.

இன்று புதிய துணைநூல் வேண்டும் என்று ஆடுகிறவர்கள் எழுதும் விருப்பப் பட்டியல்களில் பலவும் புது உலகம், புது இனம், நூறு புது மந்திரம் என்று நீள்கின்றன. அவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சாண்டா மோனிகாக் கூட்டம் பட்டியல் போடவில்லை. ஒரு பூட்டின் முன்னால் நின்றுபோனார்கள், அதைத்தான் சொன்னார்கள். நீங்களும் இந்த ஆட்டம் ஆடுகிறவர் என்றால், அடுத்த முறை மேசையில் எல்லாரும் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு விடை கிடைக்காமல் நிமிர்ந்து பார்க்கும் அந்த இடத்தை ஒரு வரியில் குறித்து வையுங்கள். ஆட்டம் எழுதுகிறவர்களுக்கு அந்த வரியை அனுப்புங்கள்.