டோல் கட்டணமும் வாடகை வண்டியும்



கல்யாணத்துக்கோ தைப்பூசத்துக்கோ வெளியூர் புறப்படும்போது, சொந்தமாகக் கார் இல்லாத குடும்பத்தார் இரண்டு நாளைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுப்பதுண்டு. நாம் டாக்சியைச் சொல்லவில்லை. சாவியை வாங்கி, நம் வீட்டுப் பிள்ளையே ஓட்டிச் செல்லும் வண்டியைச் சொல்கிறோம். அந்த வண்டி டோல் சாவடியைக் கடக்கும்போது பணம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது? இதை அறிய வேண்டுமானால், கட்டணம் வாங்கும் முறை மாறி வந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் முதல் டோல் சாவடி 1966 ஆம் ஆண்டில், தஞ்சோங் மாலிமுக்கும் சிலிம் ரிவருக்கும் இடைப்பட்ட சாலையில் ஏற்பட்டது. அந்நாளைய வழக்கம் மிக எளிது. சாவடியில் ஓர் ஆள் அமர்ந்திருப்பார். ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கிக் காசை நீட்டுவார். வண்டி சொந்தமா, முதலாளியுடையதா, வாடகைக்கு எடுத்ததா என்று யாரும் கேட்பதில்லை. சாலையில் போகிறவரின் கையிலிருந்தே காசு போயிற்று. கணக்கும் அங்கேயே தீர்ந்தது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 1975 ஜூன் 2 ஆம் நாள் வேறொரு முறை தொடங்கியது. காலை நெரிசல் நேரத்தில் நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்கள், நாளுக்கு 3 வெள்ளி அல்லது மாதத்துக்கு 60 வெள்ளி கொடுத்து வாங்கிய சீட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நுழைவிடங்களில் நின்ற காவலர்கள் சீட்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். நான்கு பேர் ஏறிய காருக்கு அப்போது சீட்டே தேவையில்லை.

1998 ஆம் ஆண்டில் அந்தச் சீட்டின் இடத்தை மின்னியல் முறை பிடித்தது. வண்டியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அதில் பண அட்டையைச் செருகினார்கள். சாலைக்கு மேலே நிற்கும் வளைவின் கீழ் வண்டி செல்லும்போது, நம் வானொலி ஒலி பரவுவது போலவே கண்ணுக்குத் தெரியாத அலைகள் கருவியோடு பேசி, அட்டையிலிருந்து பணத்தைக் கழித்துக்கொண்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி வண்டியைச் சேர்ந்தது. அட்டை மனிதரைச் சேர்ந்தது. வாடகைக்கு எடுத்தவர் தம் அட்டையைச் செருகினால் அவர் பணமே போகும். அட்டையில்லாமல் போனாலோ, வண்டி எண்ணைப் படமெடுத்து, பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் போகும். அவர் அதை வாடகைக்கு எடுத்தவரிடம் வாங்கிக்கொள்வார்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கோல்டன் கேட் பாலம் 1937 இல் திறக்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆட்கள் நின்று காசு வாங்கினார்கள். 2013 மார்ச் 27 ஆம் நாளோடு அவர்கள் வேலை முடிந்தது. அன்று முதல் காசு கொடுக்கவே வழியில்லை. கட்டணக் கருவி இல்லாத வண்டியின் எண்ணைப் படமெடுத்து, உரிமையாளருக்குச் சீட்டு அனுப்புகிறார்கள். வாடகை வண்டியின் உரிமையாளர் யார்? வாடகை நிறுவனம். அந்த நிறுவனமோ கட்டணத்தோடு தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து, வாடிக்கையாளரின் கடன் அட்டையில் பிடித்துக்கொண்டது.

இதுவே வழக்காயிற்று. 2017 இல் அந்நகரின் சட்ட அதிகாரி ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பாலத்தில் காசு வாங்குவதில்லை என்பதே தெரியாமல் வந்த வெளியூர்க்காரர்களிடம், டோல் கடந்த நாளுக்கு மட்டுமன்றி வண்டி கையிலிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 4.95 டாலர் பிடிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2019 இல் 36 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. இத்தனைக்கும், பாலத்தைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் ஓட்டுநரே நேராகக் கட்டணம் செலுத்தவும் அங்கே வழி இருந்தது. தெரிந்தவர்கள் தப்பினார்கள். சம்பள நாளில் சீட்டைப் பார்த்து, "இது என்ன பிடித்தம்?" என்று கேட்டுப் பழகிய நம் பெரியவர்களுக்கு இந்த வழக்கு எளிதில் விளங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1997 இல் டச் அண்ட் கோ அட்டை வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 2017 இல் காசு வாங்குவது நின்றது. அட்டை இருந்தவரை வாடகை வண்டிக்குப் பெரிய சிக்கல் இல்லை. எடுத்தவர் தம் அட்டையைக் காட்டுவார். காசு போலவே அதுவும் மனிதரோடு போகும். 2022 ஜனவரி 15 முதல் அந்நெடுஞ்சாலையில், கண்ணாடியிலோ விளக்கிலோ ஒட்டும் மின்னியல் வில்லைக்கும் வழி திறந்தார்கள். அந்த வில்லை வண்டியோடு ஒட்டியது, பிய்த்தால் கெட்டுவிடும். அது சேர்க்கப்பட்டிருப்பதோ உரிமையாளரின் கணக்கில். ஆகவே அந்தத் தடத்தில் வாடகைக் கார் நுழைந்தால், முதலில் குறைவது வண்டிக்காரரின் பணம். அவர் அதை வாடகையில் சேர்த்திருக்கிறாரா, முன்பணத்தில் கழிப்பாரா என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று: நுழையும்போது எதைக் காட்டினோமோ, அதையே வெளியேறும்போதும் காட்ட வேண்டும். வில்லையால் உள்ளே போய், அட்டையை நீட்டி வெளியே வர முயன்றால் தடுப்புக் கட்டை எழும்பாது. பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை.